வென்றோர் மன்றும் நடுநிலையும்: நீதிபதி ராதாபினோத் பாலின் மறுப்புத் தீர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

தீர்ப்புக் கூறுவோன் அதற்குரிய தகுதியை எங்கிருந்து பெறுகின்றான் என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். சட்டத்தை அறிந்திருத்தல் மட்டும் அத்தகுதியைத் தந்துவிடாது. தண்டிக்கும் வலிமை கைவரப் பெறுதலும் தந்துவிடாது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் முறைமை அறியாதவனல்லன், வலிமையற்றவனுமல்லன். ஆராயாது ஆணையிட்டான் என்பதே அவன்மேல் வீழ்ந்த பழி. பிழையை உணர்ந்த அக்கணமே அவன் அரியணையில் உயிர் நீத்தான் எனக் காப்பியம் கூறும். தீர்ப்பளிப்போனும் தீர்ப்புக்கு உட்பட்டவனே என்னும் உண்மையைத் தமிழ் மரபு இவ்வாறு நிலைநாட்டிற்று. ஆயின், தன்னைத் தீர்ப்புக்கு உட்படுத்த மறுப்போன் ஒருவன் பிறனுக்குத் தீர்ப்பளிக்க முற்படும்போது நிகழ்வது யாது? மன்று மாசுடையது என்பதனால் அம்மன்றில் நிறுத்தப்பட்டவனின் குற்றமும் இல்லாததாகிவிடுமா? இவ்வினாவுக்குக் காப்பியத்தில் விடை இல்லை.

இதனைத் தம் தொழில் வாழ்விலே நேர்நின்று எதிர்கொண்ட நீதிபதி ஒருவர் உளர். அவர் கல்கத்தா மேல் நீதிமன்றத்து நீதிபதியாக விளங்கிய ராதாபினோத் பால். இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ நியாயசபையில் இந்தியாவின் சார்பில் அமர்ந்த அவர், எதிரிகள் அனைவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளினின்றும் விடுவிக்கப்படல் வேண்டும் என 1948ஆம் ஆண்டில் எழுதினார். பதினொரு நீதிபதிகளுள் அங்ஙனம் எழுதியவர் அவர் ஒருவரே. அத்தீர்ப்பை அறத்தின் பெருவெற்றி எனப் போற்றுவோரும் உளர்; அறத்தின் பெருந்தவறல் எனத் தூற்றுவோரும் உளர். இரு சாராரும் ஒரே பிழையினை இழைக்கின்றனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது. விடுவிக்கும் தீர்ப்பு ஒன்றினை, நடந்த செயலைப் பற்றிய சான்றிதழாக இரு சாராருமே வாசிக்கின்றனர்.

பால் 1886ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி, இன்று பங்களாதேசத்தின் குஷ்டியா மாவட்டத்தில் அடங்கும் சலிம்பூர் என்னும் சிற்றூரில், வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரியிற் கணிதம் பயின்ற அவர், மைமன்சிங் நகரத்து ஆனந்த மோகன் கல்லூரியில் 1911 முதல் 1920 வரை கணிதம் கற்பித்தார். சட்டத்துறைக்கு அவர் முழுமையாக வந்து சேர்ந்தது அதன் பின்னரே. 1924இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்று, அங்கேயே சட்டம் கற்பிக்கும் ஆசிரியருமானார். பண்டை இந்து சட்டத்தின் தத்துவமும் வரலாறும் அவருடைய ஆய்வுத்துறையாக அமைந்தன; வருமான வரிச் சட்டத்தில் அவர் அரசாங்கத்தின் ஆலோசகராகவும் இருந்தார். 1941 முதல் 1943 வரை மேல் நீதிமன்ற நீதிபதியாகவும், 1944 முதல் 1946 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். நிறுவலின் இடையிலே ஒரு படி விடுபட்டால் முடிவு எத்துணை விரும்பத்தக்கதாயினும் அது நிறுவப்பட்டதாகாது என்பது கணித ஆசிரியன் மாணவனுக்குக் கூறும் முதற்பாடம். அப்பாடத்தை அவர் நீதியாசனத்திலும் மறந்திலர்.

அவர் மேல் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த ஆண்டுகள் வங்காளத்துக்குக் கொடிய ஆண்டுகளாம். 1942 டிசெம்பரிலே யப்பானிய விமானங்கள் கல்கத்தாமீது குண்டு வீசின. 1943இலே வந்த பெரும் பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். நெல் முழுவதும் இல்லாதொழிந்தமையால் மட்டும் வந்த பஞ்சமன்று அது. போர்க்கால விலையேற்றமும் ஆட்சியாளரின் கொள்கைகளும் அதனைப் பெருக்கின. யப்பானியரின் குண்டையும் பிரித்தானியரின் ஆட்சியையும் ஒருங்கே கண்ட நகரத்திலிருந்து அவர் தோக்கியோவுக்குச் சென்றார். முன்னையதற்குப் பொறுப்பான அரசின் தலைவர்கள் எதிரிக் கூண்டில் நின்றனர். பின்னையதற்குப் பொறுப்பான அரசு நீதிபதி ஒருவரை அனுப்பியிருந்தது. பஞ்சத்துக்காக ஆட்சியாளர் எவரும் எந்த மன்றிலும் எதிரியாக நிறுத்தப்பட்டதில்லை. இப்பின்னணியை மனங்கொள்ளாது அவருடைய தீர்ப்பை விளங்கிக்கொள்ளல் அரிது. எனினும் பின்னணியே தீர்ப்பாகிவிடாது. அதன் நியாயங்களைத் தனித்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

தோக்கியோ நியாயசபை, நேச நாடுகளின் தலைமைத் தளபதியான மக்ஆதர் 1946 சனவரியில் வெளியிட்ட சாசனம் ஒன்றினால் உருவாயிற்று. யப்பானின் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்ட ஒன்பது நாடுகளின் நீதிபதிகளுக்கே அதில் முதலில் இடமிருந்தது. இந்தியாவும் பிலிப்பைன்சும் பின்னரே சேர்த்துக்கொள்ளப்பட்டன. 28 பேர்மீது 55 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவை சமாதானத்துக்கு எதிரான குற்றங்கள், கொலை, வழமையான போர்க்குற்றங்களும் மானிடத்துக்கு எதிரான குற்றங்களும் என வகுக்கப்பட்டிருந்தன. விசாரணை 1946 மே 3ஆந் திகதி தொடங்கிற்று. 419 சாட்சிகள் மன்றிலே சாட்சியமளித்தனர். எதிரிகளுள் இருவர் இடையில் இறந்தனர்; ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் என விலக்கப்பட்டார். 1948 நவம்பரிலே எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். எழுவருக்குத் தூக்குத் தண்டனையும், பதினறுவருக்கு ஆயுட்சிறையும், இருவருக்குக் குறித்த காலச் சிறையும் விதிக்கப்பட்டன. முன்னாட் பிரதமர் டோஜோ உட்பட எழுவரும் 1948 டிசெம்பர் 23ஆந் திகதி தூக்கிலிடப்பட்டனர்.

பால் தோக்கியோவை அடைந்தபோது விசாரணை தொடங்கிவிட்டது. கருத்து வேறுபாடுகளை வெளியிடாது ஒரே தீர்ப்பாக அளிப்பதென ஏனைய நீதிபதிகள் தமக்குள் உடன்பாடு செய்திருந்தனர். பால் அதனை ஏற்க மறுத்தார். இம்மறுப்புச் சிறியதெனத் தோன்றினும் அறவியல் நோக்கிற் பெரியதாகும். நீதிமன்று ஒருமித்த குரலிற் பேசுதல் வேண்டும் என்பது அதிகாரத்தின் தேவை. எந்நியாயத்தின் மேல் இம்முடிவு எய்தப்பட்டது, எந்நியாயம் தள்ளப்பட்டது என்பதை அறிதல் தண்டிக்கப்படுவோனின் உரிமை. தள்ளப்பட்ட நியாயத்தை மறைக்கும் மன்று தன் முடிவின் உறுதியைத் தானே ஐயுறுகின்றது எனலாம். ஈற்றில் ஒல்லாந்து நாட்டு நீதிபதி றோலிங்கும் பிரெஞ்சு நீதிபதி பேர்னாட்டும் தத்தம் மறுப்புகளை எழுதினர். எனினும் பாலின் 1,235 பக்கத் தீர்ப்பே அளவிலும் ஆழத்திலும் தனித்து நின்றது. அம்மறுப்புகள் எவையும் திறந்த மன்றிலே வாசிக்கப்படவில்லை.

பாலின் தீர்ப்பு மூன்று தூண்களின் மேல் நிற்கின்றது. அவற்றுள் முதலாவது, செயல் நிகழ்ந்த காலத்திற் சட்டம் இல்லையாயின் குற்றமும் இல்லை என்னும் தத்துவம். ஆக்கிரமிப்புப் போர் தொடுத்தல் தனிமனிதனைத் தண்டித்தற்குரிய குற்றம் எனச் சாசனம் கொண்டது. ஆயின் அச்சாசனம் எழுதப்பட்டது போர் முடிந்த பின்னர். 1928ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை போரைக் கைவிடுவதாக அறிவித்தது உண்மையே. எனினும் தற்காப்புப் போர் எது எனத் தீர்மானிக்கும் உரிமையை அது ஒவ்வோர் அரசிடமுமே விட்டிருந்தது. ஒருவன் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாயிருத்தலை அனுமதிக்கும் விதி, சட்டமெனும் பெயருக்கு உரியதன்று எனப் பால் கொண்டார். வென்ற அரசொன்று கடந்த காலத்துக்குக் குற்றங்களைப் படைக்க முடியாது. மன்றினை அமைக்கும் அதிகாரம் வேறு, குற்றத்தை ஆக்கும் அதிகாரம் வேறு என்பது அவர் வாதம்.

இரண்டாவது தூண், சமமாக நடத்தல் என்பது. தலைமை நீதிபதியான அவுஸ்திரேலியாவின் வெப், யப்பானியப் படையினரின் போர்க்குற்றங்களைத் தம் நாட்டு அரசுக்காக முன்னரே விசாரித்து அறிக்கையிட்டவர். பிலிப்பைன்சு நீதிபதி ஹரனில்யா, பட்டான் தீபகற்பத்திற் சிறைப்பட்டு யப்பானியரின் கொடிய நடைப்பயணத்திலே துன்புற்றவர். நடுநிலைச் சாசனம் காலாவதியாகுமுன்னரே 1945 ஓகஸ்டில் யப்பான்மீது போர் தொடுத்த சோவியத் ஒன்றியத்தின் நீதிபதியும் ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்க அமர்ந்திருந்தார். ஆசிய நிலங்களைப் படைவலியாற் கைப்பற்றி வைத்திருந்த அரசுகள், ஆசிய நிலங்களைப் படைவலியாற் கைப்பற்றிய அரசினை விசாரித்தன. ஆக்கிரமிப்பை இன்றுமுதற் குற்றமெனக் கொள்வதாயின், நேற்றுவரை கைப்பற்றியவை யாவும் கைப்பற்றியோருக்கே என்றும் உரியனவாகிவிடும் என்பதைப் பால் கூர்ந்து நோக்கினார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எக்குற்றச்சாட்டிலும் இடம்பெறவில்லை. பசிபிக் போரிற் பொதுமக்களைக் கண்மூடி அழிக்குமாறு மேலிடத்திலிருந்து வந்த ஆணை என்று ஒன்றைத் தேடுவோமாயின், அணுக்குண்டை வீசும் முடிவே அதற்கு மிகவும் அண்மித்தது என அவர் கருதினார்.

மூன்றாவது தூண், சான்றின் போதாமை. 1928 முதல் 1945 வரை பதினேழு ஆண்டுகள் நீண்ட ஒரே சதியாக யப்பானின் வரலாற்றை வழக்குத் தொடுநர் காட்டினர். அக்காலத்தில் ஆட்சிகள் பல மாறின. எதிரிகளுட் சிலர் ஒருவரையொருவர் அறியாதவர். சிலர் ஒருவரையொருவர் எதிர்த்தவர். பின்னர் நிகழ்ந்தவற்றைக் கொண்டு முன்னர் எண்ணியிருப்பர் என ஊகித்தல் நிறுவலன்று என்பது பாலின் நிலைப்பாடு. கொடுமைகளைப் பற்றிய குற்றச்சாட்டுகளிலும் அவர் இவ்வாறே நடந்தார். நான்கிங்கிலும் பிற இடங்களிலும் யப்பானியப் படையினர் பொதுமக்கள்மீதும் கைதிகள்மீதும் பெருங்கொடுமை இழைத்தமைக்குச் சான்று மிகுதியாக உண்டென அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். மன்றிலே நின்ற இவ்வெதிரிகள் அவற்றுக்கு ஆணையிட்டனர் என்பதற்குச் சான்று போதாது என்பதே அவர் கூறியது.

இம்மூன்று தூண்களும் ஒரே உறுதியுடையன அல்ல. முதலாவது மிகவும் உறுதியானது. முன்னறிவிக்கப்படாத விதியைக் கொண்டு ஒருவனைத் தூக்கிலிடுதல், தூக்கிலிடப்படுவோன் கொடியவனாயினும் முறையன்று. அவன் கொடியவன் என்பதற்காக இவ்விதி தளர்த்தப்படுமாயின், நாளை நல்லவனுக்காக அதனை எவரும் இறுக்கிக் கட்ட இயலாது. இரண்டாவது தூண் வேறு வகையினது. நீயும் அதனையே செய்தாய் எனக் குற்றஞ்சாட்டுவோனை நோக்கிக் கூறுதல், குற்றஞ்சாட்டுவோனின் வாயை அடைக்கும், குற்றத்தை இல்லாததாக்காது. இரு கள்வருள் ஒருவன் மற்றவனைப் பிடித்து ஊரவர் முன் நிறுத்துவானாயின், பிடித்தவனும் கள்வனே என்பது உண்மை. பிடிபட்டவன் கையிலுள்ள பொருள் உரியவனுக்குத் திரும்பவேண்டியது என்பதும் உண்மை. பொருளை இழந்தவனுக்கு முதலாவது உண்மையால் யாதொரு பயனும் இல்லை.

பொருளை இழந்தவன் எனுமிடத்திலேதான் இவ்வழக்கின் மிகக் கனத்த வினா எழுகின்றது. 1942இன் நடுப்பகுதி முதல் 1943 ஒக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை யப்பானியப் படை அமைத்தது. 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களினும் தொகையிற் பன்மடங்கினரான ஆசியத் தொழிலாளரும் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் இறந்தோர் 90,000 வரையில் எனவும் மதிப்பிடுவர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெரும் பகுதியினர். வாந்திபேதியும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளுக்கு அவர்தம் படையின் பெயர்ப்பட்டியல் இருந்தது. போர் முடிந்தபின் கல்லறைகள் எழுந்தன. தோட்டத்துக் கூலியாளுக்குப் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை. தோக்கியோ மன்றிலும் அவர்கள் துன்பம் கைதிகளின் துன்பத்தின் நிழலிலேயே நின்றது.

இப்பாதையைப் பற்றிப் பால் எழுதியது அவருடைய தீர்ப்பின் மிகவும் நலிந்த பகுதி எனலாம். போர்க்கைதிகளை அவ்வேலையில் ஈடுபடுத்தியமைக்கு டோஜோ முழுப் பொறுப்பாளர் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும் அது அரசின் செயல், தன்னளவிற் குற்றமாகாது எனக் கூறி அமைந்தார். ஈண்டுச் சட்டம் இல்லை என்னும் முதலாவது வாதம் செல்லாது. போர்க்கைதிகளை நடத்தும் முறைபற்றிய விதிகள் போருக்கு முன்னரே நாகரிக நாடுகளால் ஏற்கப்பட்டிருந்தன. சான்று இல்லை என்னும் மூன்றாவது வாதமும் செல்லாது; பொறுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. எஞ்சுவது அரசு என்னும் பெயர் ஒன்றே. தனிமனிதன் செய்யின் கொலையாவது அரசின் பெயராற் செய்யின் கொள்கையாகிவிடும் எனின், வலியோரின் ஆட்சியை எதிர்த்தெழுந்த அத்தீர்ப்பு ஈற்றில் வலியோருக்கே அரணாகிவிடுகின்றது. வென்றோரின் செருக்கை நுணுகி அளந்த கோல், தோட்டத்துத் தொழிலாளியின் உடலை அளக்குமிடத்தில் தளர்ந்தது.

ஆயின் இக்குறையைக் கொண்டு பாலின் தீர்ப்பு முழுவதையும் தள்ளுதல் நேர்மையாகாது. அவ்வாறு தள்ளுவோர், பெரும்பான்மைத் தீர்ப்பு அத்தொழிலாளருக்கு நீதி வழங்கியது என நிறுவுதல் வேண்டும். சீனாவிலே மனிதர்மீது நோய்க்கிருமிகளைச் சோதித்த 731ஆம் பிரிவின் தலைவர்கள் தோக்கியோவில் விசாரிக்கப்படவில்லை. அச்சோதனைகளின் முடிவுகளைப் பெற்றுக்கொண்டு அமெரிக்கர் அவர்களை விட்டுவிட்டனர். பேரரசரும் விசாரிக்கப்படவில்லை, தலைமையானவர் தப்பிய வழக்கிலே ஏனையோர் மட்டும் தண்டிக்கப்படுகின்றனர் என்பதைப் பேர்னாட்டும் சுட்டினார். எவரை விசாரிப்பது எனத் தெரிந்தெடுக்கும் உரிமை முழுவதும் வென்றோரிடமே இருக்கும்போது, தீர்ப்பு எத்துணை நுணுக்கமானதாயினும் தெரிவின் மாசு அதிற் படிந்தே தீரும். அம்மாசினை ஆவணத்தில் எழுதிவைத்த ஒருவர் தேவைப்பட்டார். பால் அதனைச் செய்தார்.

தாம் ஏற்காத சட்டத்தைக் கொண்ட மன்றில் அவர் ஏன் அமர்ந்தார், பதவியை விட்டு நீங்கியிருக்கலாமே என வினவுவோரும் உண்டு. விலகுதல் தூய்மையான வழி. ஆயின் விலகியவனின் கையிற் பேனா இருப்பதில்லை. அமர்ந்திருப்போன் மன்றின் மாசிற் பங்குகொள்கின்றான். அதற்கு ஈடாக, மறுக்கும் உரிமையைப் பெறுகின்றான். இவ்விரண்டினுள் எது மேலானது என்பதற்கு என்றைக்கும் பொருந்தும் விதி வகுத்தல் இயலாது. எழுதுவதை மறைக்க உடன்படாத வரையிலேயே அமர்ந்திருத்தல் அறமாகும் என்னும் எல்லையையேனும் பாலின் நடத்தை காட்டிச் சென்றது.

தீர்ப்புக்குப் பின்னர் நிகழ்ந்தவை பிறிதொரு பாடத்தைத் தருவன. நேருவின் அரசாங்கம் அதனை இந்தியாவின் கருத்தாகக் கொள்ளவில்லை. யப்பானில் அமெரிக்க ஆட்சி நீடித்தவரை அதன் வெளியீடு தடுக்கப்பட்டிருந்தது. அவ்வாட்சி முடிந்த 1952ஆம் ஆண்டிலே, யப்பான் குற்றமற்றது என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கி அத்தீர்ப்பைப் பற்றிய நூலொன்று தோக்கியோவில் வெளிவந்தது. பால் விசாரித்தது 25 மனிதரை, ஒரு நாட்டையன்று. அவர் விடுவித்தது வகுத்துக் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளினின்று, வரலாற்றினின்றன்று. எனினும் நான்கிங் படுகொலையே நடக்கவில்லை எனக் கூறுவோரும் அவர் பெயரையே துணைக்கழைத்தனர். அது நடந்தது என எழுதியவர் அவரே என்பதை அவர்கள் வாசித்திலர், அன்றி வாசித்தும் மறைத்தனர். தூக்கிலிடப்பட்ட எழுவரும் ஏனைய எழுவரும் 1978இல் யசுகுனி ஆலயத்தில் வணக்கத்துக்குரியோராகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாலய வளாகத்தில் 2005இலே பாலுக்கும் நினைவுக்கல் எழுப்பப்பட்டது. 1967 சனவரி 10ஆந் திகதி மறைந்த அவர் இதனைப் பற்றி யாதும் கூறியிருக்க இயலாது.

இங்கு இலங்கையின் பங்கொன்றும் ஒப்புநோக்கத்தக்கது. 1942 ஏப்பிரலிலே கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் குண்டு வீசப்பட்டன. 1951 செத்தெம்பரிலே சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, புத்தரின் போதனையை நினைவூட்டி, இலங்கை யப்பானிடம் நட்டஈடு கோராது என அறிவித்தார். இது மன்னிப்பு, பால் அளித்தது விடுதலை. இரண்டும் யப்பானியருக்கு ஒருங்கே இனித்தன. ஆயின் அவை தம்முள் மாறுபட்டவை. மன்னிப்போன் தவறு நடந்தது என்பதை முதலில் ஏற்கின்றான். தனக்கு உரியதைத் தான் விட்டுக்கொடுக்கின்றான். விடுவிக்கும் நீதிபதிக்கு விட்டுக்கொடுக்க யாதும் இல்லை. இழப்பு அவருடையதன்று. அவர் கூறக்கூடியது, இச்சான்றைக் கொண்டு, இச்சட்டத்தின்படி, இம்மன்றில், இவரைத் தண்டித்தற்கில்லை என்பது மட்டுமே. அதனினும் கூடுதலாக எவரேனும் அதிற் காண்பாராயின், கண்டவரே அதனை அங்கே இட்டவராவார்.

பால் தம் மறுப்போடு அமைந்துவிட்டவரல்லர். 1952 முதல் 1966 வரை ஐக்கிய நாடுகளின் சர்வதேச சட்ட ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்து, 1958இலும் 1962இலும் அதன் தலைவராகவும் பணியாற்றினார். சட்டம் இல்லை எனக் கூறியவர் சட்டம் ஆக்கும் அவையில் அமர்ந்தமை முரண்பாடன்று. முன்னையதன் முறையான தொடர்ச்சியே அது. போருக்கு முன்னரே விதி எழுதப்படல் வேண்டும். வென்றோரையும் தோற்றோரையும் அது ஒப்பக் கட்டுப்படுத்தல் வேண்டும். மன்று வென்றோரின் உடைமையாதல் கூடாது என்பவையே அவருடைய மறுப்பினுள் அடங்கிய கோரிக்கைகள். 1998இல் எழுதப்பட்ட றோம் சாசனத்தின்படி சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2002இல் இயங்கத் தொடங்கிற்று. ஆக்கிரமிப்புக் குற்றத்தின்மீது அதற்கு 2018ஆம் ஆண்டிலே நியாயாதிக்கம் கிடைத்தது. எனினும் அமெரிக்காவும் உருசியாவும் சீனாவும் அதன் உறுப்பு நாடுகளல்ல. இந்தியாவும் இலங்கையும் அல்ல. விதி எழுதப்பட்டுவிட்டது, ஒப்பக் கட்டுப்படுத்தல் இன்னும் எய்தப்படவில்லை.

மாசுடைய மன்றின் முன் நிற்கும் குற்றத்துக்கு யாது செய்வது என்னும் தொடக்க வினாவுக்கு இவற்றிலிருந்து ஒருவகை விடை பெறலாம். மன்று மாசுடையதாயின் அதனை மாசுடையதெனக் கூறுதல் நீதிபதியின் கடன். அதனைக் கூறாது தண்டித்தல் பழிவாங்கலாகும். ஆயின் மன்றின் மாசு செயலின் மாசைக் கழுவுவதில்லை. தண்டிக்கத் தகுதியுள்ள மன்று இல்லாமையால் தப்பியவன் குற்றமற்றவனாகான், விசாரிக்கப்படாதவனே ஆவான். அவனுக்கும் இறந்தவர்களுக்கும் இடையிலான கணக்குத் திறந்தே கிடக்கின்றது. எனவே மறுப்புத் தீர்ப்பினாற் கிடைக்கும் விடுதலை ஆறுதலுக்குரியதன்று. தகுதியுள்ள மன்றொன்றை அமைக்கும் கடன் பின்வருவோர்மேல் ஏறுகின்றது என்பதே அதன் பொருள். வென்றோரை நோக்கி வினவிய பாலை நினைவுகூர்வோர் பலர். சயாமியக் காட்டிலே பெயர்ப்பட்டியலின்றி மாண்டவர்களையும் அவரோடு சேர்த்து நினைவுகூரும்போதே அவருடைய தீர்ப்பு முழுமையாக வாசிக்கப்பட்டதாகும்.